பத்து மணிக்கு முன்னால் படுக்காதே

மெட்டில்டாவை க்ஷயரோக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் லூர்துராஜ் முதலில் அவளுடைய தலையணையை எரித்தார். ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். இலவம்பஞ்சு எளிதில் பற்றவில்லை. பின்கட்டில் நின்று மண்ணெண்ணெய் தெளித்து, குச்சியால் கிளறிக் கிளறி எரிக்க வேண்டியிருந்தது. பிறகு அவள் குடித்த டம்ளர், சாப்பிட்ட தட்டு, எச்சில் துப்பிய கிண்ணம் எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைசூரில் மண்டி மொகல்லாவில் டாக்டர் பசவராஜின் டிஸ்பென்சரியில் பதினாறு வருஷமாகக் கம்பவுண்டர் வேலை. இதே காரியங்களை எத்தனையோ குடும்பங்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

லஷ்கர் மொகல்லாவில் ஒரு கூடமும் ஓர் உள்ளறையும் கொண்ட வீடு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், குழந்தை இல்லை. மெட்டில்டாவுக்கு என்ன வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் யாரும் வாசல்படி ஏறவில்லை. கோயிலிலிருந்து வந்தவர்கள்கூட வாசலில் நின்றபடியே ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்கள். பால்காரி மாதம்மா மட்டும் வழக்கம்போல வந்தாள். அவளும் செம்பைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்லிப் பாலை ஊற்றினாள்.

அன்றிரவு லூர்துராஜ் கட்டிலில் சுவரோரமாகப் படுத்தார். அதுதான் அவருடைய பக்கம். மறுபக்கம் காலியாகக் கிடந்தது. நடுவில் நகர்ந்து படுக்க மனம் வரவில்லை. கோயில் மணி பன்னிரண்டு அடித்ததைக் கேட்டார், ஒன்று அடித்ததைக் கேட்டார், மூன்றும் கேட்டது. முதல் ராத்திரி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, தூக்கம் மட்டும் வரவில்லை.

டிஸ்பென்சரியை இரவு ஏழரைக்குச் சாத்துவார்கள். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாததால் எட்டரைக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார். விடிகிறவரை புரளுவார். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை டிஸ்பென்சரி மூடியிருக்கும். அப்போது திரைக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் சாய்ந்தால் செத்தவர் மாதிரித் தூங்குவார். எழுந்ததும் தலை கனக்கும். அதற்கு ஒரு காப்பி. ஆறு மணிக்கு இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவார்கள். நோயாளிகள் வராந்தாவில் சாய்வு நாற்காலிகளில் இருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் எதிரே, இரண்டு கஜம் தள்ளிப் போட்ட பெஞ்சில் உட்கார வேண்டும். மெட்டில்டா அவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“தூங்குறீங்களா?”

“தூங்குறேன். நீ?”

“எனக்கு இங்க வேற என்ன வேலை?”

இரண்டு பேரும் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். பிறகு அவள் எடை கூடியதா குறைந்ததா, மாதம்மா பாலில் தண்ணீர் ஊற்றுகிறாளா, சுண்டைக்காய் வற்றலை வெயிலில் வைத்தாரா என்று பேச்சு போகும். ஐந்து மணிக்கு நர்ஸ் ஜேன் மணி அடிப்பாள். அவர் எழுந்து சைக்கிளை எடுப்பார்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் இரவு, டிஸ்பென்சரியைப் பூட்டும் முன், லூர்துராஜ் அலமாரியைத் திறந்து புரோமைடு மிக்சரில் ஒரு வேளை அளவைச் சின்னச் சீசாவில் ஊற்றி எடுத்துக்கொண்டார். தூக்கம் வராத எத்தனை பேருக்கு அவர் கையாலேயே கலக்கிக் கொடுத்த மருந்து. உப்பாக, நாக்கில் கரித்தது. அன்று இரவு கோயில் மணி ஒன்றும் காதில் விழவில்லை. காலையில் மாதம்மா கதவைத் தட்டித்தான் எழுந்தார். நன்றியில் கண் கலங்கிப் போனார்.

கிறிஸ்துமஸுக்குள் ஒரு வேளை அளவு இரண்டாயிற்று. புதுவருஷத்தில் மூன்று. தூக்கம் வந்தது, ஆனால் அது விடிந்த பிறகும் போகவில்லை. பகலெல்லாம் கண்ணுக்கு முன்னால் மெல்லிய துணி கட்டிவிட்டது போலிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். பெண்டாட்டி கவலை என்று டாக்டரும் மற்றவர்களும் நினைத்தார்கள்.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் அதிகம். கொள்ளேகால் பக்கத்திலிருந்து சென்னம்மா என்ற பெண் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குழந்தைக்கு ஒரு வாரமாக இருமல். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினார். லூர்துராஜ் அவள் கொண்டுவந்த சீசாவைக் கழுவி, மேஜைமேல் இருந்த பெரிய பாட்டிலிலிருந்து மருந்தை ஊற்றி, தண்ணீர் சேர்த்து, வேளைக்கொரு கோடு போட்ட அளவுக் காகிதத்தை ஒட்டிக் கொடுத்தார். மூன்று வேளை என்று விரலைக் காட்டிச் சொன்னார். அவள் போய்விட்டாள்.

கால் மணி கழித்து இன்னொரு இருமல்காரர் வந்தார். லூர்துராஜ் பாட்டிலைக் கையில் எடுத்தார். அதில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. இருமல் மருந்துப் பாட்டிலுக்குச் சிவப்புச் சீட்டு கிடையாது. முந்தின நாள் இரவு தனக்கு ஊற்றிக்கொண்ட புரோமைடு பாட்டிலை அலமாரியில் திருப்பி வைக்க மறந்து, மேஜைமேலேயே விட்டிருந்தார்.

டாக்டரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வழியில் யார்மேல் மோதினார், யார் திட்டினார்கள் என்று பிறகு அவருக்கு நினைவில்லை. கொள்ளேகால் பஸ் என்ஜினைப் போட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தார். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் சென்னம்மா இருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்குவதைப் பார்த்ததும் லூர்துராஜ் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்து மாறிப்போச்சும்மா. குழந்தைக்குக் குடுத்தீங்களா?”

“இல்லீங்க சாமி. பஸ்ஸுல குடுத்தா கக்கிப்போடும், ஊட்டுக்குப் போயி ஊத்திக்கலாமுன்னு வச்சிருக்கறனுங்க.”

அவள் முடிச்சை அவிழ்த்துச் சீசாவை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டிய காகிதத்தின் முதல் கோடுவரை மருந்து அப்படியே இருந்தது. பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்து, “ஏனுங்க, உங்களுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?” என்று கேட்டாள். அவர் கண்டக்டரிடம் கெஞ்சி அவளை இறக்கினார். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். குழந்தையைத் தானே தோளில் வாங்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி அவளோடு டிஸ்பென்சரிக்கு நடந்தார். சரியான மருந்தைக் கலந்து, சீட்டை இரண்டு முறை வாசித்துப் பார்த்துக் கொடுத்தார்.

ஒரு மணிக்குக் கதவைச் சாத்தியதும் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோளில் அந்தக் குழந்தையின் சூடு இன்னும் இருந்தது.

டாக்டர் பசவராஜ் அறுபதை நெருங்கியவர். மதராஸில் படித்ததால் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். அன்று எந்த மொழியிலும் பேசாமல் எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து “கூத்கோ” என்று நாற்காலியைக் காட்டினார். லூர்துராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது நோயாளிகளின் நாற்காலி.

முதலில் டாக்டர் அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எத்தனை காப்பி, மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறார், இரவு எப்போது சாப்பிடுகிறார், எப்போது படுக்கிறார், தூக்கம் வராவிட்டால் என்ன செய்கிறார். இந்த ஐந்து மாதத்தில் அவரை யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

“எட்டரைக்குப் படுத்தா தூக்கம் எப்படி வரும்? மத்தியானமே பாதி ராத்திரியைத் தூங்கிட்டே,” என்றார் டாக்டர். “பத்து மணிக்கு முன்னால படுக்காதே. படுத்து அரை மணி ஆகியும் தூக்கம் வரலைன்னா கட்டில்ல கிடக்காதே, எழுந்து வேற ரூம்ல உட்காரு. கண்ணு சொக்கினா அப்புறம் போய்ப் படு. ராத்திரி பூரா தூங்கலைன்னாலும் காலையில அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும். திளீத்தா, புரிஞ்சுதா?”

மதியத் தூக்கம் கூடாது. மூன்று மணிக்கு மேல் காப்பி கூடாது. டிஸ்பென்சரி மூடியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். புரோமைடு இனி ஒரு சொட்டும் கிடையாது, முதல் சில நாள் உடம்பு கேட்கும், கேட்கட்டும் என்றார். கடைசியாக, “மெட்டில்டாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். லூர்துராஜ் இல்லை என்று தலையை ஆட்டினார். “சொல்லு,” என்றார் டாக்டர்.

முதல் நான்கு இரவுகள் அவர் கண்ணை மூடவே இல்லை. கை நடுங்கியது, வேர்த்தது, சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிந்தது. டாக்டர் சொன்னபடி கட்டிலை விட்டு எழுந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியாமல், பொடி மருந்து மடிக்கும் காகிதங்களை டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்து மடித்தார். சின்னச் சதுரங்கள், ஒரே மாதிரி ஐந்து மடிப்பு. ஒரே வாரத்தில் மூன்று மாதத்துக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பதில் கஷ்டமே இல்லை, விழித்துத்தானே இருந்தார். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை விழித்திருப்பதுதான் பெரும் பாடு. பெஞ்சைப் பார்க்காமலிருக்க வெளியே போய் மரத்தடியில் நிற்பார்.

இரவு நடை அவரைத் தானாகவே ஊருக்கு வெளியே, ஆஸ்பத்திரிப் பக்கம் இழுத்துப் போயிற்று. ரயில்வே கேட்வரை போவார். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு அப்பால் வார்டுகளின் விளக்குகள் தெரியும். அதில் எது அவளுடையது என்று தெரியாது. கேட்காரர் சித்தையன் முதலில் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் ஒன்றும் கேட்பதில்லை, உட்காரக் கல்லைக் காட்டுவார். எட்டரைக்கு வார்டு விளக்குகள் அணையும். அணைந்ததும் லூர்துராஜ் எழுந்து திரும்பி நடப்பார்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மெட்டில்டா வழக்கம்போலத் தூங்குகிறீர்களா என்று கேட்டாள்.

“இல்ல,” என்றார் அவர். “நீ வந்ததுல இருந்தே இல்ல.”

பெஞ்சில் பக்கத்தில் மற்றவர்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, புரோமைடு எடுத்ததையும் குழந்தையின் சீசாவையும் பஸ் ஸ்டாண்டையும் சொன்னார். இரண்டு கஜ தூரத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவது கஷ்டம், சிலவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மெட்டில்டா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அந்தப் புள்ள குடிச்சிருந்தா?”

அவர் குழந்தையைத் தூக்கிய தோளைத் தடவிக்கொண்டார்.

“நான் இங்க ஒவ்வொரு வாரமும் கேட்டேனே. தூங்குறேன்னு சொன்னீங்களே. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்.”

“நீ கவலைப்படுவேன்னுதான்.”

“நானும் அதுக்குத்தான் சொல்லல,” என்றாள் அவள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நவம்பரில் அவளுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண் ராத்திரியில் இறந்துபோனாள். காலையில்தான் எடுத்துப் போனார்கள். அதிலிருந்து மெட்டில்டாவுக்கும் தூக்கம் இல்லை. வார்டில் பதினான்கு பேர். யாராவது இருமினால் நிற்கிறவரை காத்திருப்பாள், இருமல் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று காத்திருப்பாள். தூங்கவில்லை என்று தெரிந்தால் எடை கூடாததற்குக் காரணம் அதுதான் என்று இன்னும் அதிக நாள் வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் நர்ஸிடமும் சொல்லவில்லை. ரவுண்டு வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

அவர் டாக்டர் சொன்ன விதிகளை அவளுக்குச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடக்கக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், பகலில் இரண்டு மணி நேரம் கட்டாயப் படுக்கை. இதில் எதை அவள் செய்வது? கடைசியில் ஒன்று கிடைத்தது. பகல் படுக்கையில் கண்ணை மூடாமல் இருக்கலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். லூர்துராஜ் போகும்போது ஜேனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஜேன் அடுத்த நாளே மெட்டில்டாவின் கட்டிலை வார்டின் கோடிக்கு, ஜன்னலோரமாக மாற்றிப் போட்டாள். காலியான கட்டில் பக்கத்தில் இல்லாததே அவளுக்குப் பாதி நிம்மதி.

லூர்துராஜுக்குத் தூக்கம் எந்த நாளில் திரும்பியது என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் வந்தது. பிறகு பன்னிரண்டுக்கு. மார்ச் மாதம் ஒருநாள் காலையில் எழுந்து பல் துலக்கும்போது, ராத்திரி நாற்காலிக்குப் போகவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த வாரம் முழுதும் அப்படியே போயிற்று. கை நடுக்கம் போயிற்று. டாக்டர் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்துப் போனார். இனிமேல் பொய் இல்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் கேட்டதும், “பத்துக்குப் படுத்தா அஞ்சரைக்குத்தான் முழிப்பு. வாரம் பூரா,” என்றார்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் மெட்டில்டா. அப்புறம் முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் எதை எதையோ பேசினார். அவள் உம் கொட்டினாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

“நான் இல்லாம பழகிடுச்சு உங்களுக்கு,” என்றாள்.

அவர் ஜேன் மணி அடித்ததும் எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலை கேட்வரை நடந்து, அதே கல்லில் உட்கார்ந்தார். அவள் சொன்னது பொய் என்று சொல்லிவிட முடியாது என்று தோன்றியது. காலையில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைவது பழகித்தான் போயிருந்தது. கதவைத் திறக்கும்போது உள்ளே குரல் கொடுக்காமலிருக்கப் பழகியிருந்தது. கட்டிலின் நடுவில் படுக்க ஆரம்பித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார், தெரியவில்லை. விளக்குகள் அணைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சித்தையன் வந்து, நேரமாகிறது என்று நினைவூட்டினார். அன்று இரவு வெகுநாளைக்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணிவரை காகிதம் மடித்தார்.

அடுத்த ஞாயிறு வரும்வரை என்ன சொல்வது என்று மனத்துக்குள் வரி வரியாகச் சேர்த்து வைத்திருந்தார். போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

“நான் தூங்காம இருந்தா தப்பா மருந்து குடுப்பேன், மெட்டி,” என்றார். “ஆனா தூங்கி எந்திரிச்சதும் தினம் உன் பக்கம் திரும்பிப் பாக்குறேன். அது மட்டும் பழகல.”

“போன வாரம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள். பிறகு, தானும் புதன்கிழமை ராத்திரி நாலு மணி நேரம் ஒரே தூக்கமாகத் தூங்கியதாகச் சொன்னாள். சொல்லப் பயமாக இருந்தது என்றாள்.

கோடை போய் மழை வந்தது. புது ஊசி மருந்து நாள் தவறாமல் போட்டார்கள். அவள் காது சில நாள் இரைந்தது, தலை சுற்றியது, ஆனால் எடை மெல்ல ஏறியது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் சளியைச் சோதித்துக் கிருமி இல்லை என்றார்கள். நவம்பர் முதல் வாரம், ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினைந்து மாதம் கழித்து, லூர்துராஜ் ஜட்கா வைத்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். இன்னும் ஆறு மாதம் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளறையை வெள்ளையடித்து வைத்திருந்தார். கட்டில் அவளுக்கு, கூடத்தில் பாய் அவருக்கு. நடுவில் கதவு திறந்திருந்தது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.

“ஒரே நிசப்தமா இருக்கு,” என்றாள் உள்ளேயிருந்து. “யாரும் இருமல. பயமா இருக்கு.”

“நான் முழிச்சுத்தான் இருக்கேன்.”

“நீங்க தூங்கணும்.”

“பேசு. நான் கேக்குறேன்.”

மெட்டில்டா அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினாள், அடுத்த கட்டிலில் இருந்தவளைப் பற்றி. பெயர் மல்லம்மா, ஹனூர்க்காரி. இரண்டு பெண்பிள்ளைகள். ஊரில் பருத்தி எடுக்கும் காலம் வந்துவிட்டதென்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இறந்த அன்று சாயங்காலம் மெட்டில்டாவிடம் சீப்பு கேட்டிருந்தாள். ஒருவர் சீப்பை ஒருவர் தொடக் கூடாது என்று மெட்டில்டா கொடுக்கவில்லை. ஒரு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அழுதாள். லூர்துராஜ் எழுந்து உள்ளறை வாசற்படிவரை போய், அங்கேயே கதவோரம் உட்கார்ந்தார். உள்ளே போகக் கூடாது. விதிப்படி நீ செய்தது சரிதான் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தை அவளுக்கு எதற்கும் ஆகாது என்று தோன்றியதால் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள், அந்தப் பெண்ணின் குழந்தைகளுக்கு எழுத வேண்டும் என்றோ என்னவோ. குரல் பாதியில் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

மாதம்மா கதவை இடித்தபோது நன்றாக விடிந்திருந்தது. லூர்துராஜ் கதவு நிலையில் சாய்ந்தபடியே தூங்கியிருந்தார், கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மெட்டில்டா இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் சத்தம் போடாமல் போய்ச் செம்பை நீட்டினார். மாதம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, செம்பைக் கையில் வாங்கிப் பாலை ஊற்றினாள். அன்று அவர் டிஸ்பென்சரிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார்.